‘மாண்டரின் அவசியம்’: அந்த ஒற்றை வரியை எப்படிப் படிப்பது?

கணக்குப் பிரிவு உதவியாளர் தேவை. பட்டயப் படிப்பு. இரண்டாண்டு அனுபவம். வாரத்தில் ஐந்து நாள் வேலை. எம்ஆர்டி நிலையத்துக்கு மிக அருகில். எல்லாம் பொருந்தி வருகிறது. கடைசி வரியில் கை நின்றுவிடுகிறது: ‘மாண்டரின் பேசத் தெரிந்திருப்பது அவசியம்.’

சிங்கப்பூரில் வேலை தேடிய தமிழர்களில் இந்த வரியைப் பார்க்காதவர் அரிது. பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: விளம்பரத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அப்படிப் போய்விடாதீர்கள். அந்த வரி சில இடங்களில் நேர்மையான தேவை. சில இடங்களில் பழைய விளம்பரத்தை அப்படியே எடுத்து ஒட்டிய சோம்பல். இன்னும் சில இடங்களில் ‘நம்ம ஆளாக இருந்தால் தேவலை’ என்பதைப் பூசி மெழுகிச் சொல்லும் வழி. மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், தள்ளிவிட்டுப் போகும் விளம்பரங்களில் பாதியாவது குறையும்.

பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும். இந்த மொழியை யாரோடு, எதற்காக, ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசப்போகிறேன்? விடை வேலைக்குள் இருந்தால் அந்த வரி நியாயமானது. விடை அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில் இருந்தால் நியாயமில்லை. உலகில் பல நாட்டு நீதிமன்றங்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடமும் ஏறக்குறைய இதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இன்றைய நிலையில் சிங்கப்பூர் முதலாளிகளைக் கட்டுப்படுத்துபவை நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள். மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசி, முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்தவை. இவற்றைக் கவனித்துக்கொள்ளும் டாஃபெப் அமைப்பு 2006இல் தொடங்கப்பட்டது. இனத்தைப் பற்றி நெறிமுறைகள் நேரடியாகப் பேசுகின்றன. ‘சீனர் விரும்பப்படுவர்’, ‘மலாய்க்காரர் விரும்பப்படுவர்’ போன்ற சொற்கள் விளம்பரத்தில் வரவே கூடாது. மொழி விஷயத்தில் தடை இல்லை, நிபந்தனை இருக்கிறது. கேட்கலாம், ஆனால் ஏன் கேட்கிறோம் என்பதற்கு வேலையிலிருந்தே காரணம் காட்ட வேண்டும். சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளை ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்கு மாண்டரின் வேண்டும் என்றால் அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

நெறிமுறைதானே, சட்டம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மீறுகிற நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளை அமைச்சு நிறுத்திவைக்க முடியும். 2020 ஜனவரியில் இந்தத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. குறைந்தது 12 மாதம், மோசமான மீறல் என்றால் 24 மாதம் வரை. புதிய விண்ணப்பங்களோடு, ஏற்கெனவே இருக்கும் அனுமதிகளைப் புதுப்பிப்பதும் இதில் அடங்கும். வெளிநாட்டு ஊழியர்களை நம்பி ஓடும் நிறுவனத்துக்கு இது அபராதத்தைவிட அதிகம் வலிக்கும்.

சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 29 அன்று தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், இந்த நெறிமுறைகளைச் சட்டமாக்கப்போவதாக அறிவித்தார். 2023 ஆகஸ்டில் முத்தரப்புக் குழு இறுதி அறிக்கை தந்தது. 2025 ஜனவரி 8 அன்று வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வழக்குகளை எப்படி நடத்துவது என்பதற்கான இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்பது அறிவிப்பு. அதுவரை நெறிமுறைகள்தான். சட்டம் வந்த பிறகும் அவை தொடரும்.

சட்டம் பாதுகாக்கும் பண்புகளின் பட்டியல்: வயது, நாட்டுரிமை, பாலினம், மணநிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலக் குறைபாடு. இதில் மொழித்திறன் தனிப் பெயராக உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப் பட்டியலில் மொழி இல்லை. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமையுரிமைச் சட்டத்திலும் இல்லை. அங்கெல்லாம் மொழியைக் கேட்டது இனத்தையோ பிறந்த நாட்டையோ வடிகட்டத்தான் என்று சுற்றிவளைத்து நிறுவ வேண்டும். இங்கே அந்தச் சுற்றுப்பாதை வேண்டாம்.

நம் ஊரில் மொழியும் இனமும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் 74.3 விழுக்காட்டினர் சீனர். வீட்டில் அதிகம் பேசும் மொழி மாண்டரின் என்றவர்கள் 29.9 விழுக்காடுதான். ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. (தமிழ் 2.5.) வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த சீன இளையரும் அந்த ஒற்றை வரியைப் பார்த்துத் தயங்குகிறார். இது தமிழர் பிரச்சினை, மலாய்க்காரர் பிரச்சினை என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இரண்டு ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, 25 ஊழியருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் சட்டத்திலிருந்து விலக்கு. நெறிமுறை அவற்றுக்கும் உண்டு, சட்டம்தான் தொடாது. இரண்டு, வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகுதியைக் கேட்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. ஆக, முழுப் பாரமும் அந்த ‘உண்மையிலேயே’ என்ற சொல்லின்மேல் விழுகிறது.

தயார்நிலைச் சொற்றொடர்

காரணம் காட்டுங்கள் என்று நெறிமுறை சொன்னதும் ஆள்சேர்ப்பு உலகம் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ‘மாண்டரின் பேசும் வாடிக்கையாளர்களுடன் தொடர்புகொள்ள வேண்டியிருப்பதால்...’ கிடங்கு மேற்பார்வையாளர், மென்பொருள் சோதனையாளர், பல் மருத்துவ உதவியாளர், வரவேற்பாளர் என எல்லா விளம்பரத்திலும் இதே வாக்கியம்தான். கல்யாணப் பத்திரிகையில் ‘இங்ஙனம்’ போடுவதுபோல் போட்டுவிடுகிறார்கள்.

பல் மருத்துவ உதவியாளர் விஷயத்தில் அது உண்மையாக இருக்கலாம். பழைய குடியிருப்புப் பேட்டை ஒன்றின் மருந்தகத்துக்கு வருகிற எழுபது வயதுப் பாட்டிக்கு ஆங்கிலம் வராமல் போகலாம். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. மென்பொருள் சோதனையாளர் விளம்பரத்தில் அதே வாக்கியம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் குழுவின் பாதிப் பேர் ஷென்ஜெனில் உட்கார்ந்திருந்தால், பிழை அறிக்கைகள் சீன எழுத்தில் வந்தால், அதுவும் நியாயமே.

விளம்பரத்தின் மற்ற வரிகளையும் சேர்த்துப் படித்தால் பல நேரம் குட்டு வெளிப்படும். வேலைப் பொறுப்புகள் என்று எட்டு வரி இருக்கும். எட்டிலும் வாடிக்கையாளர் என்ற சொல்லே வராது. பேரேடு, ஜிஎஸ்டி கணக்கு, மாத இறுதி அறிக்கை. பிறகு யாரோடு தொடர்பு? பேசத் தெரிய வேண்டுமா, எழுதத் தெரிய வேண்டுமா என்பதும் விளம்பரத்தில் இருக்காது. உண்மையான தேவை உள்ளவர் அதைக் குறிப்பாகச் சொல்வார். ‘சீன மொழியில் உள்ள ஒப்பந்தங்களைப் படித்துச் சுருக்கம் எழுத வேண்டும்’ என்பது தேவை. ‘மாண்டரின் தெரிந்தால் கூடுதல் சிறப்பு’ என்பது பெரும்பாலும் பழக்கம்.

‘இருமொழிப் புலமை உள்ளவர் தேவை’ என்ற வரி எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கும். ஆங்கிலமும் மாண்டரினும் என்பது எழுதியவர் மனத்தில் இருப்பது. பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் தமிழும் ஆங்கிலமும் படித்துத் தேறியவர் இருமொழிப் புலமை இல்லாமல் வேறென்ன? அப்படிப்பட்ட விளம்பரத்துக்குத் தயங்காமல் விண்ணப்பியுங்கள். எந்த இரண்டு மொழி என்று அவர்கள் எழுதட்டும்.

நீதிமன்றங்கள் எப்படி நிறுத்துப் பார்க்கின்றன?

சிங்கப்பூர்ச் சட்டம் நடப்புக்கு வந்து வழக்குகள் சேரக் காலம் பிடிக்கும். அதுவரை வெளியூர்த் தீர்ப்புகள்தான் நமக்குப் பாடம். ஜெர்மனியில் பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டம் 2006இல் வந்தது. அங்கே நடந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 2010 ஜனவரியில் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் தீர்த்தது. ஸ்பெயினில் பிறந்த தொழிலாளி. 1978 முதல் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை. தரச்சான்று முறைகள் வந்தபின், வேலைக் குறிப்புகளையும் சோதனைப் படிவங்களையும் ஜெர்மன் மொழியில் படித்துப் புரிந்துகொள்வது கட்டாயமானது. நிறுவனம் தன் செலவில், வேலை நேரத்திலேயே மொழி வகுப்புக்கு அனுப்பியது. ஒரு வகுப்புக்குப் போனவர் அடுத்த வகுப்புகளை மறுத்துவிட்டார். தணிக்கையில் குறை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது செல்லும் என்றது நீதிமன்றம். இனத்தைப் பார்த்து நீக்கவில்லை, வேலை அந்த மொழியைக் கேட்டது, கற்றுக்கொள்ள வாய்ப்பும் தரப்பட்டது.

இரண்டாவது, 2017 ஜூனில் அதே நீதிமன்றம். விளம்பரம் கேட்டது ‘ஜெர்மன், தாய்மொழியாக’. விண்ணப்பித்தவர் அன்றைய சோவியத் ஒன்றியத்தில் பிறந்தவர். ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனால் தாய்மொழி இல்லையே! நிராகரிக்கப்பட்டார். இது பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 3,200 யூரோ இழப்பீடு உறுதியானது. மொழியை எவ்வளவு நன்றாக வேண்டுமானாலும் கேட்கலாம். அதை எந்தத் தாயிடமிருந்து கற்றாய் என்று கேட்கக்கூடாது. ‘தாய்மொழி’ என்பது திறமையைச் சொல்லும் சொல் இல்லை, பிறப்பைச் சொல்லும் சொல். பிறப்பு யார் கையிலும் இல்லை.

நம் விளம்பரங்களிலும் ‘தாய்மொழியாகப் பேசுபவர்’ என்ற வரி எட்டிப் பார்க்கிறது, ஆங்கில ஆசிரியர் வேலைக்குக்கூட. அதைக் கண்டால் ஜெர்மன் தீர்ப்பு நினைவுக்கு வரட்டும். அது இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் தர்க்கம் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது வழக்கு மனத்தை உறுத்துவது. ஹவாயின் ஹொனலுலு நகரில் வாகன உரிமப் பிரிவின் எழுத்தர் வேலை. எழுத்துத் தேர்வு எழுதிய 721 பேரில் முதலிடம் பிடித்தவர் பிலிப்பீன்ஸில் பிறந்த ஒருவர். நேர்காணல் செய்தவர்களுக்கு அவருடைய உச்சரிப்பு புரியச் சிரமமாக இருந்ததாம். வேலை வேறொருவருக்குப் போனது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகர நிர்வாகத்தின் பக்கமே நின்றது. கவுன்ட்டரிலும் தொலைபேசியிலும் நாள் முழுக்கப் பொதுமக்களோடு பேசுகிற வேலை, பேச்சுத் தெளிவு அதற்குத் தேவை என்றது. என் பார்வையில் அந்தத் தீர்ப்பு தவறு. தேர்வில் முதலாவதாக வந்தவருடைய பேச்சை முறையாகச் சோதித்துப் பார்க்காமல், சில நிமிட நேர்காணலை நம்பி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனாலும் வேலை தேடுபவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலையோடு நேரடியாகத் தொடர்பு காட்ட முடிந்தால் உச்சரிப்பைக்கூட நீதிமன்றம் எடைபோடும்.

இந்த விஷயத்தில் உலகிலேயே கறாரான ஊர்களில் ஒன்று கனடாவின் கியூபெக். அங்கே நிறுவனம் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி கேட்டால் மூன்று காரியங்களை முதலில் செய்தாக வேண்டும். வேலையின் உண்மையான மொழித் தேவையை அளவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஊழியர்களின் மொழியறிவு அதற்குப் போதாது என்று உறுதிசெய்ய வேண்டும். வேற்றுமொழி கேட்கும் பணியிடங்களின் எண்ணிக்கையை முடிந்தவரை குறைக்க வேண்டும். 2022இல் கொண்டுவந்த திருத்தம் இது. விளம்பரத்திலேயே காரணத்தையும் எழுத வேண்டும். மொன்ட்ரியலில் கணிசமாக வாழும் நம் இலங்கைத் தமிழர்களில் யாராவது ‘தமிழ் தெரிந்த காசாளர் தேவை’ என்று போட்டாலும் இதே விதிதான். பிரெஞ்சைக் காக்க வந்த சட்டம் அது, பாகுபாட்டை ஒழிக்க வந்தது இல்லை. ஆனால் இரண்டாவது நிபந்தனையை எந்த ஊர் முதலாளியும் இரவல் வாங்கலாம். குழுவில் ஏற்கெனவே மூன்று பேருக்கு மாண்டரின் தெரியும்போது நான்காமவருக்கு எதற்கு?

விண்ணப்பிக்கும்போது

பத்துத் தகுதியில் ஒன்பது இருந்து மொழி ஒன்று மட்டும் இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். மொழி பற்றி மறைக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி போதும்: எனக்கு மாண்டரின் தெரியாது, இந்தப் பொறுப்பில் அது எந்தப் பணிக்கு எந்த அளவு பயன்படுகிறது என்று தெரிந்தால், அதை எப்படி ஈடுசெய்வேன் என்று சொல்ல முடியும். குற்றம் சாட்டும் தொனி வரக்கூடாது. எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் பழைய விளம்பரத்தை நகலெடுத்த மனிதவளப் பிரிவு இளையராகத்தான் இருப்பார்.

தெரியாததைத் தெரியும் என்று போடுவது முட்டாள்தனம். ‘அடிப்படை மாண்டரின்’ என்று எழுதிவிட்டு நேர்காணலில் ‘நீ ஹாவ்’ தாண்டாமல் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே கொஞ்சம் தெரிந்தால் அளவைச் சொல்லுங்கள். கடையில் பேரம் பேசுவேன், தொலைபேசியில் பெயரும் நேரமும் குறித்துக்கொள்வேன், மின்னஞ்சல் எழுத வராது. ‘அடிப்படை’, ‘இடைநிலை’ என்ற அளவைகளைவிட இது மதிப்பைக் கூட்டும்.

நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் சரக்கு நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் நான் கேட்டேன், பணிவாகத்தான்: மாண்டரின் எந்த வேலைக்குத் தேவைப்படும்? நேர்காணல் செய்த அம்மா யோசித்தார். ஓட்டுநர்களில் பாதிப்பேர் மலாய் பேசுபவர்கள். சுங்கத்துறைப் படிவங்கள் ஆங்கிலத்தில். வாடிக்கையாளர்களும் மின்னஞ்சலில் ஆங்கிலம்தான். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், ‘பெரியவர் மத்தியானம் சாப்பிடும்போது பேசுவார்’ என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கு வேலை கிடைக்கவில்லை. அவர்கள் பயன்படுத்திய கணினிச் செயலி எனக்குத் தெரியாது, அதுதான் காரணம். அது நியாயமான காரணம்.

சான்றிதழ் கேட்டால் இன்னொரு கேள்வி உண்டு. ஒரே ஒரு அமைப்பின் சான்றிதழ்தானா, வேறு வழியில் திறமையைக் காட்டினால் போதுமா? இத்தாலியின் போல்சானோ பகுதியில் வங்கி ஒன்று இத்தாலியமும் ஜெர்மனும் தெரியும் என்பதற்கு அந்த மாகாணம் தரும் சான்றிதழை மட்டுமே ஏற்போம் என்றது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் அது கூடாது என்றது. மொழி அறிவைக் கேட்பது சரி, ஒரே ஊரின் முத்திரையை மட்டும் கேட்பது சரியில்லை. உங்களிடம் சான்றிதழ் இல்லாமல் திறமை இருந்தால், ‘இங்கேயே சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு

பலருக்கு உண்மையான தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. விளம்பரத்தில் மொழி பற்றி ஒரு சொல் இல்லை. சேர்ந்தபின் வாராந்தரக் கூட்டம் பாதியில் மாண்டரினுக்கு மாறும். குறிப்பு எடுக்க முடியாது. ஆண்டு மதிப்பீட்டில் ‘குழுவோடு ஒட்டவில்லை’ என்று வரும். புதிய சட்டம் ஆள்சேர்ப்போடு நிற்கவில்லை. மதிப்பீடு, பயிற்சி, பதவி உயர்வு, பணிநீக்கம், ஆட்குறைப்பு எல்லாவற்றையும் தொடுகிறது. சாப்பாட்டு வேளையில் இருவர் தங்கள் மொழியில் பேசிக்கொள்வதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அவர்கள் உரிமை, நாமும் அதையேதான் செய்கிறோம். உங்கள் வேலைக்கு வேண்டிய தகவல் உங்களுக்குப் புரியாத மொழியில் பரிமாறப்பட்டு, அதன் விளைவு உங்கள் மதிப்பீட்டில் வந்து விழுந்தால் அது வேறு கதை.

அப்போது முதலில் செய்ய வேண்டியது எழுத்தில் கேட்பது. ‘இன்றைய கூட்டத்தின் முடிவுகளை ஆங்கிலத்தில் அனுப்ப முடியுமா?’ என்று ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம், தேதி வேண்டும். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் அதுவே ஆவணம். நிறுவனங்கள் குறைகேட்பு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்றும், குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் புதிய சட்டம் சொல்கிறது. உள்ளே தீராவிட்டால் சமரசப் பேச்சு. அதிலும் தீராவிட்டால், 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வேலைநியமனக் கோரிக்கை நடுவர்மன்றம் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர்கள் கிடையாது, எதிர்த்தரப்புக்கும்தான். சங்க உறுப்பினராக இருந்தால் முதல் தொலைபேசி அழைப்பு சங்கத்துக்குப் போகட்டும்.

நம் கடைகளுக்கும் சேர்த்துத்தான்

தேக்காவில் நடந்துபாருங்கள். ‘தமிழ் பேசும் பெண் விற்பனையாளர் தேவை’, ‘இந்தியர் மட்டும்’ என்று கண்ணாடியில் ஒட்டிய தாள்கள் இன்றும் கண்ணில் படும். நாம் பாதிக்கப்படும்போது பாகுபாடு, நாம் செய்யும்போது பழக்கமா?

அந்தத் தாளைத் திருத்துவது சுலபம். ‘இந்தியர் மட்டும்’ போய்விட வேண்டும், அதற்கு மாற்றே இல்லை. ‘பெண்’ என்பதும் போக வேண்டும். ‘தமிழ் பேசும்’ நிற்கலாம், காரணத்தோடு. ‘எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஊழியர்கள். அவர்களோடு தமிழில் பேச வேண்டும்.’ இது உண்மையான தேவை, டாஃபெப் அலுவலகத்தில் கேட்டாலும் நிற்கும். தமிழ் நன்றாகப் பேசும் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் விண்ணப்பித்தால் அவரும் அந்த வரிக்குள் அடங்குகிறார் பாருங்கள். அப்படி ஒருவர் வந்து நின்றால் வேலை கொடுப்பீர்களா என்பதுதான் உங்கள் விளம்பரத்துக்கு நீங்களே வைக்கும் சோதனை. ‘எங்களிடம் எட்டே பேர்தான், சட்டம் எங்களுக்கு இல்லை’ என்று சொல்லும் முதலாளிகள் வேலை அனுமதி விஷயத்தை இன்னொரு முறை படித்துக்கொள்ளட்டும்.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூரிலிருந்து வந்துபோகும் நண்பர்கள் கேட்பார்கள், மலேசியாவில் என்ன நிலை என்று. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவு, வேலையிடப் பாகுபாட்டுத் தகராறுகளைத் தொழிலாளர் துறை விசாரிக்க வழிசெய்கிறது. உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அது ஊழியருக்குத்தான். வேலை தேடி நிற்பவர் அதற்குள் வரமாட்டார். ‘மாண்டரின் பேசுபவர் மட்டும்’ என்ற விளம்பரத்தை அங்கே அந்தப் பிரிவால் தடுக்க முடியாது.

இந்தியாவில் அரசு வேலைக்கு அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு காவல். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம், வசிப்பிடம் என்று அடுக்கும் அந்தப் பட்டியலில் மொழி இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. பொதுமக்களோடு பேசி, தமிழில் கோப்பு எழுதும் வேலைக்கு அது பொருத்தம்தான். பெங்களூரிலோ புனேயிலோ தனியார் நிறுவனம் விளம்பரத்தில் எந்த மொழியைக் கேட்டாலும், அதைத் தட்டிக்கேட்கத் தனிச் சட்டம் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முன்னுரிமை தருவதைப் புதிய சட்டம் பாகுபாடாகக் கருதாது. மொழிக் காரணத்தைக் கேள்வி கேட்டு வென்றாலும் அந்த வரிசை மாறாது.

புகார் கொடுக்கும் முன்

நியாயமற்ற விளம்பரம் என்று உறுதியாகத் தோன்றினால் டாஃபெப் இணையத்தளத்தில் தெரிவிக்கலாம். அவர்கள் நிறுவனத்தைக் கேட்பார்கள். பெரும்பாலும் விளம்பரம் திருத்தப்படும் அல்லது எடுக்கப்படும். உங்களுக்கு அந்த வேலை கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் விண்ணப்பிப்பவருக்குப் பயன்படும்.

புகாரில் உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். எந்த நாள் விளம்பரம், எந்தத் தளம், வேலைப் பொறுப்புகளில் என்னென்ன, மொழி பற்றி நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள். தொலைபேசியில் சொன்னதென்றால், அழைப்பு முடிந்ததும் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், ‘நீங்கள் தொலைபேசியில் கூறியதை இப்படிப் புரிந்துகொண்டேன்’ என்று அவர்களுக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று. விளம்பரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி. விண்ணப்பிக்கும் அதே நிமிடத்தில் செய்யுங்கள். ஆள் கிடைத்ததும் முதலில் மறைவது அந்தப் பக்கம்தான்.